நெட்வொர்க்குக்கு வெள்ளையடித்த எங்கள் தோட்டம்

கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊரைக் கட்டுவதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. அந்த ஊர் ஜனங்கள் சொன்ன பேச்சைக் கேட்பார்கள். போனை எடு என்றால் எடுப்பார்கள், படம் பார் என்றால் பார்ப்பார்கள். நம்மைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார்கள். வெளியே இருக்கும் ஊர் அப்படி இல்லை. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். ஊரிலுள்ள நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து நம் மேல் பாசம் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதைக் கொட்டகலையில் ஒரே சாயந்தரத்தில் சொல்லித் தந்தார்கள்.

என் பெயர் தர்ஷினி. இலங்கை மலைநாட்டில், கொட்டகலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். எஞ்சினியரிங் முடித்துவிட்டு, கொழும்பில் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எந்த ஊர்க் கோபுரத்துக்கு என்ன செய்தால் ஜனங்களுக்கு இன்டர்நெட் ஒழுங்காகக் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கும் பிரிவு அது. ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் அம்மா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "மகளுக்கு டவர்ல வேலை" என்று சொல்லி வைத்திருந்தார். அதைக் கேட்ட ஒரு அம்மாள், பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு உயரத்தில் ஏற விடலாமா என்று அப்பாவிடம் சண்டைக்கே வந்துவிட்டாராம். (அப்பா, கயிறு கட்டித்தான் ஏறுவாள் என்று சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மனிதருக்கு வியாபாரம் முக்கியம்.)

எங்கள் பஜாருக்குப் பின்னால் இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு, மலை முகட்டில் நிற்கும் ஒரே ஒரு கோபுரம்தான் கதி. பகல் முழுக்க அது சும்மா நிற்கும். கொழுந்து எடுக்கப் போனவர்கள் மலையிலிருந்து இறங்கி, கைகால் கழுவி, லயத்து வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைக் கையில் எடுத்ததும் கோபுரம் திணறத் தொடங்கும். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு வரிசையில் எத்தனை வீடோ அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போன்.

அந்தத் திணறலில் மிகவும் அவஸ்தைப்பட்டவள் கலா. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள், இப்போது தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவள் கணவர் மகேஸ் கத்தாரில் டிரைவர். அவருக்குத் தேநீர் இடைவேளை வருகிற நேரமும் எங்கள் ஊர்க் கோபுரம் மூச்சு முட்டுகிற நேரமும் ஒன்று. தினமும் கூப்பிடுவார், தினமும் படம் உறைந்து போகும். பாதி மூடிய கண்ணும் திறந்த வாயுமாக அவர் அப்படியே நிற்பார். அவர் போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு அதுதான் அப்பா. "எங்கப்பா எப்பவும் தூங்கிக்கிட்டே பேசுவாரு" என்று அது பால்வாடியில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருந்தது. கலா இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். எனக்கு அது தாங்காது.

ஆகவே எங்கள் பக்கத்துக் கோபுரத்தை மேம்படுத்தலாமா என்ற பேச்சு அலுவலகத்தில் வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, இருக்கிற கோபுரத்திலேயே இன்னொரு பெட்டியை மாட்டி, இன்னொரு அலைவரிசையைச் சேர்ப்பது. சீக்கிரம் முடியும், செலவு குறைவு. இரண்டு, ஒரேயடியாகப் புதுத் தலைமுறைக் கோபுரமாக மாற்றிவிடுவது. பத்திரிகையில் படம் வரும். ஆனால் அதைப் பிடிக்கிற போன் தோட்டத்தில் ஓரிருவரிடம்தான் இருந்திருக்கும். மூன்று, பழைய கோபுரத்தை அப்படியே விட்டுவிட்டு, மலை மறைக்கிற மடிப்புகளில், லயங்களுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னக் கம்பங்கள் நடுவது. இதில் எது நல்லது என்று கண்டுபிடிக்க மூன்றையும் கட்டிப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் உருவகப்படுத்திப் பார்ப்பது, அதாவது சிமுலேஷன். பள்ளத்தாக்கை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி, உள்ளே புள்ளி புள்ளியாக ஜனங்களை வைத்து, ஒவ்வொரு வழியிலும் அவர்களுடைய சாயந்தரம் எப்படிப் போகிறது என்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காலத்தில் நான் நடந்த நடை இருக்கிறதே! திம்புள்ளப் பக்கத்து மலைகளையெல்லாம் நானே படைத்த மாதிரி அலுவலகத்தில் திரிந்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குணம் கொடுத்திருந்தேன். இந்தப் புள்ளி நாடகம் பார்க்கும், அந்தப் புள்ளி குரல் செய்தியாக அனுப்பித் தள்ளும், மேல் டிவிஷன், அதாவது தோட்டத்தின் மேல் பகுதி, அதன் மூலையில் இருக்கும் புள்ளி கத்தாருக்குப் பேசும். (கலாவைப் புள்ளியாக்கிய விஷயத்தை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.) ஓட்டிப் பார்த்தால் விடை பளிச்சென்று தெரிந்தது. முதல் வழியில் கோபுரம் கொஞ்ச நாளில் மறுபடியும் திணறும், ஏனென்றால் மலை மறைக்கிற இடத்தில் எத்தனை அலைவரிசை சேர்த்தாலும் மறைப்பது மறைப்பதுதான். இரண்டாம் வழியில் புதுப் போன்காரர்கள் மட்டும் ராஜாவாக இருப்பார்கள். மூன்றாம் வழியில் மகேஸ் கண்ணை முழிப்பார்.

இதை நம்ப வேண்டியவர் எங்கள் பெரிய சார், ரணவீர. நியாயமான மனிதர்தான், ஆனால் கம்ப்யூட்டர் சொன்னது என்றால் ஒரு புருவத்தை மட்டும் தூக்குவார். எனக்கு மேலே இருந்த நளின் என்ற எஞ்சினியர் முதல் வழிக்காரர். மலைநாட்டு ஜனங்கள் காலை வணக்கம் படம் அனுப்பத்தானே போன் வைத்திருக்கிறார்கள், அதற்கு எதற்குக் கம்பம் என்பது அவர் கட்சி. ரணவீர சார் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். நேரில் வருகிறேன், நாளைக்கு என்ன நடக்கும் என்பதை விடு, நான் வருகிற அன்றைக்குச் சாயந்தரம் எப்படி இருக்கும் என்று உன் கம்ப்யூட்டர் சரியாகச் சொல்லட்டும், அளந்து பார்க்கிறேன், சரியாக இருந்தால் மூன்றாம் வழியையும் நம்புகிறேன், இல்லாவிட்டால் இதற்கான பணம் தென் கடற்கரைக்குப் போகும், அங்கே சுற்றுலாக்காரர்கள் கத்துகிறார்கள் என்றார். ஒரே சாயந்தரம். தோற்றால் எங்கள் பள்ளத்தாக்கின் முறை மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

நான் உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். அங்கேதான் என் அறிவாளித்தனம் உச்சத்துக்குப் போனது.

"சார் வர்றாரும்மா. நம்ம தோட்டத்து சிக்னலத்தான் பாக்க வர்றாரு. எல்லாம் நல்லா இருக்கணும்" என்றேன்.

"நீ கவலப்படாத. அத நான் பாத்துக்கிறேன்" என்றார் அம்மா.

அம்மா 'நான் பாத்துக்கிறேன்' என்று சொன்ன காரியம் எதுவும் சிறிதாக முடிந்ததில்லை. நான் வடையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. வேன் ஹட்டனைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது நான் சாருக்கும் நளினுக்கும் ஊர் வழக்கங்களைப் பற்றி விரிவுரை செய்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் லயங்களுக்கு வெள்ளையடிப்பார்கள் என்றேன். வருஷம் பூராவும் ஒழுகுகிற கூரை அப்படியே இருக்கும். முன்சுவர் மட்டும் பளபளக்கும். கான் என்கிற சாக்கடையைச் சுத்தம் செய்வார்கள், நாய்களைக் கட்டிப் போடுவார்கள். வருகிறவர் கண்ணில் ஒரு குறைகூடப் படக் கூடாது என்று பார்த்துப் பார்த்து மறைப்பார்கள், பிறகு அவர் போன பின்னால், ஐயா எதையுமே கவனிக்கவில்லையே என்று வருத்தப்படுவார்கள் என்றேன். சார் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனையும் என் வாயால் சொல்லிவிட்டு, தோட்டத்து ரோட்டின் இரண்டு பக்கமும் புதுச் சுண்ணாம்புக் கோடு தெரிந்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. எங்களுக்காகச் செய்திருக்கிறார்களே என்று பெருமையாகத்தான் இருந்தது.

கோயில் முன்மண்டபத்தில் மேசை போட்டு வைத்திருந்தார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ராமையா துவைத்து மடித்த வேட்டியில் நின்றார். அம்மா வடைத் தட்டோடு நின்றார். அப்பா கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். (எனக்குத் தெரிந்து அப்பா கடையைப் பகலில் பூட்டியது என் மூத்த மாமா செத்தபோதுதான்.) நான் மடிக்கணினியைத் திறந்து, திரையின் ஒரு பக்கம் என் சிமுலேஷன் சொல்கிற சாயந்தரத்தைச் சிவப்புக் கோடாக வைத்தேன். மறுபக்கம் நிஜத்தில் அளக்கிற வேகம் பச்சைக் கோடாக ஓடியது. இரண்டும் சேர்ந்து நடந்தால் நான் ஜெயித்தேன்.

ஜனங்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். சிவப்புக் கோடும் இறங்கியது. பச்சைக் கோடு இறங்கவில்லை.

சரி, கைகால் கழுவட்டும் என்று காத்திருந்தேன். கழுவினார்கள். சிவப்புக் கோடு பள்ளத்தில் விழுந்துவிட்டது, பச்சைக் கோடு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. நளின் தன் போனில் கிரிக்கெட் ஆட்டத்தைப் போட்டார். பந்தில் இருக்கும் தையல்கூடத் தெரிந்தது. இதைவிடத் தெளிவாக ஏதாவது வருமா என்று தேடிப் பார்த்து, அதையும் போட்டார். அதுவும் வந்தது. சார் என்னைப் பார்த்து, என் வீட்டில் இவ்வளவு வேகம் இல்லையே மிஸ் என்றார்.

பனிமூட்டத்தால் இருக்கலாம் என்றேன். பனிமூட்டம் வேகத்தைக் கூட்டுமா என்று நளின் மிக மரியாதையாகக் கேட்டார். கருவியில் கோளாறாக இருக்கும் என்று அதை அணைத்துத் திரும்பப் போட்டேன். கோடு இன்னும் தெம்பாக ஏறியது. மேட்டில் நின்று அளந்தால் சரியாகத் தெரியும் என்று சொல்லி, போனைத் தலைக்கு மேல் பிடித்தபடி லயத்துக்குப் பின்னால் ஏறினேன். கால் வழுக்கி, எனக்காகவே சுத்தம் செய்து வைத்திருந்த கானுக்குள் இடுப்பளவு போய் விழுந்தேன். எழுந்து வந்தபோது காலில் அட்டை. ஒன்றைப் பிடுங்கிப் போட்டால் இன்னொன்று. கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, ஊர் அட்டை காலில் தொங்க, நான் சாருக்கு முன்னால் நின்று "சாம்பிள் எடுத்திருக்கிறேன்" என்றேன். என்ன சாம்பிள் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு.

இதையெல்லாம் ஊரே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. நான் நாசமாய்ப் போய்க்கொண்டிருக்கிறேன், இவர்கள் முகமெல்லாம் பல்லாக நிற்கிறார்கள். ராமையா தலைவர் முன்னால் வந்து, சிக்னல் எப்படி இருக்கிறது என்று சாரைச் சிங்களத்தில் கேட்டார். சார், "பொஹொம ஹொந்தாய்" என்றார். ரொம்ப நல்லா இருக்காம் என்று தலைவர் திரும்பிச் சொன்னதும் மொத்த ஜனமும் கைதட்டியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதுதான், எனக்கோ அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

சார் மேசையிலிருந்து எழுந்தார். குரலைத் தாழ்த்தி அன்பாகப் பேசினார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நன்றாக உழைத்திருக்கிறாய் மிஸ், ஆனால் உன் கம்ப்யூட்டர் ஜனங்கள் அகோரப் பசிக்காரர்கள், நிஜ ஜனங்கள் அப்படி இல்லை, இங்கே ஒரு பெட்டிகூடத் தேவைப்படாது போலிருக்கிறது, தென்கரைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். நளின் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

எனக்குக் கலா ஞாபகம் வந்தது. அவள் போனில் உறைந்து நிற்கும் மகேஸைச் சாரிடம் காட்டினால் போதும். ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டு, சேற்றுப் பாவாடையோடு மேல் லயத்துக்கு ஓடினேன்.

கலா வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மகள் மடியில். போன் இல்லை.

"போன் எங்கடி? மகேஸ் கூப்புடுற நேரமாச்சே."

"அலுமாரிக்குள்ள வெச்சிருக்கேன். அணைச்சாச்சு."

"ஏன்?"

"நேத்து பெரட்டுலயே தலைவர் சொல்லிட்டாரே. கொழும்பு ஆளுங்க போற வரைக்கும் ஒருத்தரும் போன் பாவிக்கக் கூடாதுன்னு. மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், பஜாரு எல்லாம் அணைச்சாச்சு. நாங்க போட்டா அவங்களுக்கு நெட் இழுக்காதில்ல. நீ நல்ல பேரு வாங்கணும்ல" என்றாள் கலா. பிறகு, "அவருகிட்டயும் சொல்லிட்டேன், இன்னைக்கு எடுக்க மாட்டேன்னு" என்றாள்.

பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் போகும் முன் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். அங்கே சொன்ன சொல்லுக்கு மறுசொல் கிடையாது. லயத்துக்கு வெள்ளையடித்த மாதிரி, என் ஜனங்கள் நெட்வொர்க்குக்கும் வெள்ளையடித்துவிட்டார்கள். கூரை ஒழுகுவதை மறைத்தாயிற்று, நாய்களைக் கட்டியாயிற்று, போன்களையும் கட்டிப் போட்டாயிற்று. ஒரு பள்ளத்தாக்கு முழுக்க, அன்றைய சாயந்தரத்தை எனக்காக எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. கலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் மேலிருந்த சேறு பூராவும் அவள் மேலும் பிள்ளை மேலும் ஒட்டியது.

திரும்ப ஓடி வந்தேன். அம்மா அதே இடத்தில் வடைத் தட்டோடு நின்றார்.

"யாரும்மா எல்லாரையும் போனை அணைக்கச் சொன்னது?"

"நான்தான் தலைவர்கிட்ட சொன்னேன். எல்லாம் நல்லா இருக்கணும்னு நீதானே சொன்ன?"

 சாரிடம் போய், எனக்குத் தெரிந்த சிங்களம், இங்கிலீஷ், கைஜாடை எல்லாவற்றையும் கலந்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. எங்களுக்காகவா அணைத்தார்கள் என்று கேட்டார். ஆமாம் சார், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் சாப்பிட்டு எழும்வரை வீட்டுக்காரர்கள் இலையில் உட்கார மாட்டார்கள், உங்கள் வீட்டிலும் அப்படித்தானே, இவர்கள் இன்னும் சாப்பிடவில்லை, நீங்கள் முடிப்பதற்காகக் காத்திருக்கிறார்கள் என்றேன்.

சார் சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். சுருட்டிய வயரை விரிக்கச் சொல்லி நளினுக்குக் கை காட்டினார். பிறகு என்னிடம், அவர்களைச் சாப்பிடச் சொல் மிஸ் என்றார்.

கோயில் ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ராமையா தலைவர் மைக்கைப் பிடிக்கத் தயங்கினார். போனைப் போட்டால் சிக்னல் விழுந்துவிடும் என்பது அவருக்கு என் கம்ப்யூட்டரைவிட நன்றாகத் தெரியும்.

"எல்லாரும் போட்டா ஒங்க பேரு கெட்டுராதா பாப்பா?" என்றார்.

"கெடட்டும் தலைவர். நல்லாக் கெடட்டும்" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லா டிவிஷனுக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். எல்லாரும் போனைப் போடலாம், தினமும் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள், பயப்பட வேண்டாம், பாப்பா சொல்லித்தான் சொல்கிறேன் என்றார்.

முதலில் சத்தம்தான் வந்தது. அடைத்து வைத்திருந்த செய்திகளெல்லாம் ஒன்றாக வந்து விழ, லயம் லயமாக மணியடித்தது. அடுத்து பச்சைக் கோடு. தலைகுப்புற விழுந்தது. என் சிவப்புக் கோட்டுக்கும் கீழே போய், தரையில் படுத்துவிட்டது. நளினின் கிரிக்கெட்டில் பந்து வீசியவர் கையைத் தூக்கியபடியே நின்றார். நான் கோயில் என்றும் பார்க்காமல் ஒரு குதி குதித்தேன்.

நளின் லேசுப்பட்ட ஆளில்லை. இது செயற்கையான கூட்டம், மைக்கில் சொல்லி ஒரே நேரத்தில் போடச் சொன்னால் எந்தக் கோபுரமும் விழும், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னது சரி. எனக்கு அது தெரியும் என்பதுதான் அந்த நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். காத்திருப்போம், இந்த அவசரம் அடங்கட்டும், வழக்கமான சாயந்தரத்துக்கு வரட்டும் என்றேன். எல்லாரும் வடை சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை.

பச்சைக் கோடு மெதுவாக எழுந்தது. கொஞ்சம் தள்ளாடியது. சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது, அதைத் தொட்டது, பிறகு அதோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தது. அது ஏறினால் இதுவும் ஏறியது, அது இறங்கினால் இதுவும் இறங்கியது. சார் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. தன் போனை எடுத்து, கொழும்பிலிருக்கும் மகளைப் படத்தோடு கூப்பிட்டார். மகள் "தாத்தே" என்று வாயைத் திறந்தாள். சிங்களத்தில் அப்பாவைக் கூப்பிடுவது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

சார் போனை மேசையில் வைத்தார். அந்நேரம் கலா, சேறு ஒட்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தன் போனோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவளே கூப்பிட்டிருந்தாள். அதில் மகேஸ், பாதி மூடிய கண்ணோடு. இரண்டு படங்களும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மூன்று வழியையும் ஓட்டிக் காட்டு என்றார் சார். அங்கேயே, கோயில் மண்டபத்திலேயே, ஜனங்கள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க, ஒவ்வொன்றாக ஓட்டினேன். முதல் வழியில் புள்ளிகள் கொஞ்ச நேரம் பச்சையாக இருந்து மறுபடி சிவந்தன. (பச்சை என்றால் படம் ஓடுகிறது, சிவப்பு என்றால் உறைந்துவிட்டது.) இரண்டாம் வழியில் அங்கொன்றும் இங்கொன்றும் பச்சை. மூன்றாம் வழியில் கீழ் டிவிஷனிலிருந்து மேல் டிவிஷன் மூலைவரை மொத்தப் பள்ளத்தாக்கும் பச்சையானது. இன்றைய சாயந்தரத்தைச் சரியாகச் சொன்ன கம்ப்யூட்டரை நாளைய சாயந்தரத்துக்கும் நம்பலாம் என்றார் சார், நளினைப் பார்த்து. நளின், மூன்றாவதுதான் என்று எழுதிக்கொண்டார். (இப்போது அவர் எனக்கு நல்ல நண்பர். அந்தக் கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவு அவருக்கு இன்னும் தெரியாது என்று சொல்லிக் கிண்டல் செய்வேன்.)

அதற்குப் பிறகுதான் நான் வடை சாப்பிட்டேன். எத்தனை என்று கேட்காதீர்கள்.

கம்பங்கள் வந்தன. அவை வேலை செய்ய ஆரம்பித்த முதல் சாயந்தரம் நான் லீவு போட்டுவிட்டுக் கலா வீட்டில் இருந்தேன். மகேஸ் கூப்பிட்டார். படம் வந்தது. சிரித்தார், தலையைச் சொறிந்தார், மகளே என்றார். குழந்தை பயந்துபோய் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, "அம்மா, அப்பா எந்திரிச்சிட்டாரு" என்றது. மகேஸ் அங்கே அழுதார், கலா இங்கே அழுதாள், நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதேன். படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டேன். தொழில் புத்தி போகுமா?

ஆனால் இந்த வெற்றிக்கு எங்கள் ஊரில் எனக்குப் பேர் இல்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அம்மா இந்தக் கதையைச் சொல்கிறார், அவர் சொல்கிற கதையில் சிமுலேஷன் கிடையாது, சிவப்புக் கோடு கிடையாது. "நாங்க எல்லாரும் ஒத்துமையா போனை அணைச்சோம், கம்பம் வந்துச்சு" என்று முடித்துவிடுவார். நான் கானுக்குள் விழுந்த பகுதியை மட்டும் விரிவாகச் சொல்வார்.

போன மாதம் அலுவலகத்தில் நளின் ஒரு தாளோடு ஓடி வந்தார். பூண்டுலோயாப் பக்கம் ஒரு கோபுரம் சாயந்தரமானால் செத்துப் போகிறதாம், மின்சாரம் இருக்கிறது, கருவி வேலை செய்கிறது, ஆனால் ஒரே ஒரு போன்கூட அதில் ஒட்டவில்லை, பழுது பார்க்கிறவர்களை அனுப்பப் போகிறேன் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பூண்டுலோயாவுல இருந்து யாராவது கடைக்கு வந்தாங்களாம்மா?"

"ஒரு தலைவர் வந்தாரு. கம்பம் வர எத்தன நாளைக்குப் போனை அணைச்சு வெக்கணும்னு கேட்டாரு. எங்களுக்கு ஒரு சாயந்தரம்தான் ஆச்சு, ஒங்களுது தூரமான எடம், ஒரு வாரம் அணைங்கன்னு சொன்னேன். ஏன், பத்தாதா?"

போதும் அம்மா என்று வைத்துவிட்டு, நளினிடம் திரும்பினேன். கோபுரத்தில் பழுது ஒன்றும் இல்லை, ஆளை அனுப்ப வேண்டாம், நாமே கிளம்ப வேண்டியதுதான், அங்கே ஒரு ஊரே நமக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது என்றேன்.